இயங்காப் படகு இயந்திரமும் ஒழிபு அளவையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே கடலுக்குச் சேய்மைக்கண் உள்ளது என்று சொல்லத்தக்க ஊர் ஒன்றேனும் இல்லை. வடக்கே பாக்குநீரிணை, கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே கடனீரேரி, மேற்கே தீவுகளுக்கிடையே பரந்து கிடக்கும் ஆழங்குறைந்த நீர். இவ்வாறு நீர் சூழ்ந்த நிலத்தில் வாழும் நம்முள் தோட்டமும் உத்தியோகமும் அறிந்தார் பலர். கடற்றொழிலை அறிந்தார் சிலரே. எனினும் எமது வகுப்புகளில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுள் ஒரு சாரார் கரையூர்களினின்றும் வருபவர். அவர்தம் வீட்டு உலையில் அரிசி ஏறுவதும் ஏறாததும் தந்தையார் இழுக்கின்ற ஒரு கயிற்றைப் பொறுத்தது. படகின் பின்புறத்தே பூட்டிய இயந்திரத்தை முடுக்குங் கயிறு அது.

இயந்திரம் பழையதாயின் பத்து முறை இழுத்தும் பற்றாது. இருபது முறை இழுத்தபின் கை சோரும். கை சோர்ந்தபின் சினம் பிறக்கும். சினத்திலே ஸ்பானரை எடுத்துக் காபரேற்றரைக் கழற்றத் தொடங்குவோரும் உளர். காலையிற் கழற்றிய காபரேற்றர் மாலைவரை சாக்கின்மேல் உறுப்புறுப்பாய்க் கிடக்க, பழுதோ தாங்கி மூடியிலுள்ள ஒரு சிறு திருகில் இருந்ததாகப் பின்னர் அறிதல் கரையூர்களிலே புதுமையன்று.

தமிழாசிரியருக்கு இயந்திரத்தோடு யாது தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். இயந்திரம் ஏன் இயங்கவில்லை என்பது இரும்பைப் பற்றிய வினா மாத்திரமன்று. அறியாத காரணம் ஒன்றை அறியும் வழி யாது என்பதும் அதனுள் அடங்கும். அவ்வழியை நம் முன்னோர் அளவை எனப் பெயரிட்டு நுணுகி ஆராய்ந்துள்ளனர். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் தொடக்கத்திலே அளவைகள் பத்தினை எண்ணி, அவற்றைக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கினார். அப்பத்தனுள் ஒழிபு என்பது ஒன்று. வடநூலார் இதனைப் பாரிசேடம் என்பர். காரணமாய் இருக்கத்தக்கவை இவை இவை என எண்ணிக்கொண்டு, அல்லாதவற்றை ஒவ்வொன்றாக நீக்க, எஞ்சி நிற்பதே உண்மை எனத் துணிதல் ஒழிபாகும். இவ்வளவை பழுதின்றி நிற்பதற்கு இரண்டு வேண்டும். எண்ணிய பட்டியல் குறைவுபடாததாயிருத்தல் ஒன்று. ஒவ்வொன்றையும் ஊகத்தால் நீக்காது கண்ணாற் கண்டு நீக்குதல் மற்றொன்று. பழைய இயந்திரத்தின்முன் நிற்பவர் தவறுவது பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றினாலேயே என்பது எமது துணிபு.

இவ்வியந்திரத்தின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவாம். படகின் வெளிப்புறத்தே தொங்கவிடும் இயந்திரத்தை வணிகப் பொருளாகச் செய்து பரப்பியவர்களுள் முதன்மையானவர் ஓலே எவின்றூட். நோர்வேயிற் பிறந்து அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் வாழ்ந்த அவர் 1909 இல் தமது இயந்திரத்தை விற்கத் தொடங்கினார். யப்பானின் யமஹா நிறுவனம் தன் முதல் வெளியிணைப்பு இயந்திரத்தை 1960 இல் வெளியிட்டது. நம்மவரோ அக்காலத்திலும் பெரும்பாலும் பாயையும் துடுப்பையுமே நம்பியிருந்தனர். பாய் விரிப்பதில் அவர் எவர்க்கும் இளைத்தவரல்லர். வல்வெட்டித்துறையிற் கட்டிய அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. படகுகளை இயந்திரமயமாக்கும் அரச முயற்சி 1950-களிலே தொடங்கிற்று. 1960-களின் பிற்பகுதியில் நோர்வே நாட்டார் உதவியோடு காரைநகரிலே சீநோர் படகுத்தளம் தோன்றிற்று. குருநகரில் அதன் வலைத் தொழிற்சாலை அமைந்தது. நோர்வேயிற் பிறந்த ஒருவர் பரப்பிய இயந்திரத்துக்கு ஏற்ற படகை நோர்வேயார் உதவியோடு நம்மூரிலே கட்டியது ஒரு பொருத்தமே. கண்ணாடி நாரிழைப் படகும் வெளியிணைப்பு இயந்திரமும் பின்னர் கரையெங்கும் பரவின. வெளியிணைப்பு இயந்திரம் என்பது அரச ஏட்டுச் சொல். கரையிலே அதற்குப் பெயர் எஞ்சின் என்பதே.

இனி இயந்திரத்தினுள் நிகழ்வதை நோக்குவாம். பழைய இயந்திரங்களுட் பெரும்பாலானவை ஈரடிப்பு இயந்திரங்கள். பிஸ்ரன் ஒருமுறை மேலேறிக் கீழிறங்குவதற்குள் ஒரு சுற்று முற்றும். காற்றும் எரிபொருளும் கலந்த ஆவி முதலிற் கீழேயுள்ள கிராங் அறையினுட் புகுந்து, பின்னர் மேலே சிலிண்டருக்குச் செல்கின்றது. தனியாக ஓயில் அறை இன்மையால் எரிபொருளோடு ஓயிலைக் கலந்தே ஊற்றுகின்றோம். மிகப் பழைய இயந்திரங்கள் சிலவற்றுக்கு எரிபொருள் 24 பங்குக்கு ஓயில் 1 பங்கு. பின் வந்தவற்றுக்குப் பெரும்பாலும் 50-க்கு 1. அதாவது பத்து லீற்றருக்கு முன்னதற்கு 400 மில்லிலீற்றருக்குச் சற்று மேல். பின்னதற்கு 200 மில்லிலீற்றர். கூடினால் பிளக் கரி பிடிக்கும்; குறைந்தால் பிஸ்ரன் இறுகி இயந்திரமே போய்விடும். எதற்கு எவ்வளவு என்பதை அவ்வியந்திரத்தின் கையேட்டிலே காண்க. அயலவர் சொல் இவ்விடத்தில் உரை அளவை ஆகாது.

ஆவி தீப்பற்ற மூன்று வேண்டும் எனப் பொதுவாகச் சொல்வர்: எரிபொருள், தீப்பொறி, அமுக்கம். ஒழிபு அளவைக்கு வேண்டிய பட்டியல் இதுவே போலத் தோன்றும். இப்பட்டியல் நிறைவுடையதா என்பதைப் பின்னர் ஆராய்வாம். நம் குடாநாட்டிலே எரிபொருள் என்னும் முதற் சொல்லே இரு பொருள் குறித்து நிற்றலின், அதனை முன்னர்த் தெளிதல் வேண்டும்.

நம் கடற்றொழிலாளர் நெடுங்காலமாக மண்ணெண்ணெயிலேயே இயந்திரம் ஓட்டி வருகின்றனர். அதற்கெனவே செய்த இயந்திரங்கள் உள. அவற்றின் அமுக்கம் பெற்றோல் இயந்திரத்தினதிலும் குறைவானது. பெற்றோலில் முடுக்கி, இயந்திரம் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதற்கு ஒரு திருப்பும், சிறு பெற்றோற் கலமும் உடனிருக்கும். மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரத்தை முடுக்கப் பெற்றோல் எற்றுக்கு எனின், கூறுவாம். எரிவது நீர்மம் அன்று. அதினின்றும் எழும் ஆவியே. பெற்றோல் பூச்சியத்துக்குக் கீழ் 40 பாகை செல்சியசு அளவிலேயே தீப்பற்றத்தக்க ஆவியை எழுப்பும். மண்ணெண்ணெய்க்கோ ஏறக்குறைய 38 பாகை அல்லது அதற்கு மேலான வெம்மை வேண்டும். விடியற்காலையில் நம் கரையில் அவ்வெம்மை இராது. ஆதலின் குளிர்ந்த சிலிண்டருள் மண்ணெண்ணெய் எவ்வளவு புகுந்தாலும் அது வெறும் ஈரமாகவே நிற்கும்.

1990 யூன் மாதத்தில் மீண்டும் போர் மூண்டபின் வடக்குக்கு எரிபொருள் வருதல் தடைப்பட்ட காலத்தை ஐம்பது வயது கடந்த பழைய மாணவர் எவரும் மறந்திரார். பெற்றோல் மருந்து போல் அளந்து விற்கப்பட்டது. மோட்டார்ச் சைக்கிள்களும் நீரிறைக்கும் இயந்திரங்களும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. அத்துளிகளுக்கெனச் சட்டைப்பையிலே சிறு போத்தலொன்றைச் சுமந்தோர் பலர். நிலவழி அடைபட்டுக் கிளாலிக் கடனீரேரியைப் படகிற் கடந்த அந்த ஆண்டுகளில், இரவின் இருளிலே, இயந்திரம் பூட்டிய ஒரு படகு வேறு படகுகளைக் கயிற்றிற் கட்டி இழுத்துச் சென்றது. நடுவழியில் இயந்திரம் நின்றால் நின்றது ஒரு படகன்று. அவ்விருளிலே பிளக்கைத் தொட்டுப் பார்த்தே பழுதறிந்த படகோட்டிகளிடம் நம் இயந்திரவியல் ஏட்டிலில்லாத அறிவு பல உண்டு. அவற்றை எழுதி வைப்பாரைக் காணோம்.

போர் முடிந்த பின்னும் மண்ணெண்ணெய் மலிவாயிருந்தமையின் வழக்கம் நிலைத்தது. 2022 ஓகஸ்ற் மாதத்தில் அதன் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவாயிற்று. அதற்கு முன் பல வாரம் பொருளே கிடையாமல் படகுகள் கரையேறிக் கிடந்தன. எரிபொருளுக்கு அவ்வளவு கொடுத்தவர் புது இயந்திரம் வாங்குவது எங்ஙனம்? பழையதே மேலும் பழையதாகின்றது. எவின்றூட் பெயரால் இயந்திரம் செய்தலையே உரிய நிறுவனம் 2020 இல் நிறுத்திவிட்டது. ஆதலின் பழுதறியும் கல்வி இன்று முன்னையினும் வேண்டப்படுவதாகின்றது.

இப்போது கயிற்றை விட்டுவிட்டு முறையாகத் தொடங்குவாம். முதலிற் கருவி எதனையும் கையில் எடுத்தல் ஆகாது, காண்டலே போதும். கியர் நடுநிலையில் உளதா? பல இயந்திரங்கள் கியரில் இருக்கும்போது முடுக்கத்துக்கு இசையா. நிறுத்து பொத்தானோடு இணைந்த கயிறு இருக்குமாயின் அதன் கொளுவி உரிய இடத்திற் செருகியுளதா? தாங்கி மூடியிலுள்ள காற்றுத் திருகு திறந்துளதா? இத்திருகு மூடியிருந்தால், எரிபொருள் வெளியேற வெளியேறத் தாங்கியினுள் வெற்றிடம் உண்டாகி, ஓட்டம் நின்றுவிடும். குழாயின் நடுவிலுள்ள இறப்பர்க் குமிழை அமுக்கிப் பார்க்க. நாலைந்து முறை அமுக்கியபின் அது கல்லுப்போல் இறுகுதல் வேண்டும். இறுகாது தொய்ந்தே இருக்குமாயின் குழாய் எங்கோ காற்றை உறிஞ்சுகின்றது, அல்லது குமிழினுள் இருக்கும் வால்வு கெட்டது. குமிழின்மேல் ஓர் அம்புக்குறி இருக்கும். அஃது இயந்திரத்தை நோக்குதல் வேண்டும். புதுக்குழாய் மாற்றியவர் தலைகீழாய்ப் பூட்டுவது நாம் நினைப்பதிலும் மிகுதி.

இவை யாவும் செவ்வையாயின் பிளக்கைக் கழற்றுக. பழைய இயந்திரத்திலே பிளக்கைப் போல் உண்மை சொல்லும் சாட்சி வேறில்லை. நுனி உலர்ந்திருப்பின் எரிபொருள் சிலிண்டரை அடையவில்லை. ஈரமாயிருப்பின் ஏதோ ஒன்று அடைந்துளது. வெளிநாட்டுக் கையேடுகள் இவ்விடத்தில், ஈரமாயின் எரிபொருள் நன்று, இனித் தீப்பொறியை நோக்குக என்று கூறிச் செல்லும். நம் கரையிலே அவ்வுரையை அப்படியே கொள்ளுதல் ஏமாற்றத்துக்கு இடமாகும். ஈரம் எதனது என்பதை முதலில் அறிதல் வேண்டும். முகர்ந்து பார்க்க, ஒரு துளியைக் கடதாசியிலே தொட்டு வைக்க. பெற்றோல் விரைவில் ஆவியாகி, கலந்த ஓயிலின் மெல்லிய கறையை மாத்திரம் விட்டுச் செல்லும். மண்ணெண்ணெய் நெடுநேரம் நனைவாகவே கிடக்கும். நீராயின் துளி கடதாசியில் எண்ணெய்ப் பசையின்றிப் பரவும். காபரேற்றர்க் கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்திச் சிறு கண்ணாடிப் பாத்திரத்தில் ஏந்திப் பார்த்தால் நீர் கீழேயும் எரிபொருள் மேலேயும் பிரிந்து நிற்கும்.

மண்ணெண்ணெய் நனைவே நம் ஊரில் விடியற்கால மறுப்புக்குப் பெருங்காரணம். முன்னாள் கரைக்கு வந்தவர், பெற்றோலுக்குத் திருப்பிச் சில நிமிடம் ஓடவிட்ட பின்னரே இயந்திரத்தை நிறுத்தியிருத்தல் வேண்டும். அங்ஙனம் செய்யாது மண்ணெண்ணெயிலேயே நிறுத்தின், காபரேற்றரும் கிராங் அறையும் மண்ணெண்ணெயால் நிறைந்திருக்கும். மறுநாட் காலையில் பெற்றோற் கலத்தைத் திறந்தாலும் உள்ளே முதலில் எழுவது பழைய மண்ணெண்ணெயே. பெற்றோலை மிச்சம் பிடிக்கும் எண்ணத்தால் நேர்வது இது. மிச்சம் ஒரு கரண்டி, செலவு ஒரு நாள். பரிகாரம் எளிது. கிண்ணத்தை வடித்து, பிளக்கைத் துடைத்து உலர்த்தி, சோக்கை முற்றத் திறந்து, வேகப்பிடியையும் முற்றத் திறந்துவைத்து, பிளக் இல்லாமலே பத்துப் பன்னிரண்டு முறை கயிற்றை இழுத்தால், உள்ளே தேங்கியது துளைவழியே வெளியேறும். இவ்வேளை பிளக் வயர்களை உலோகத்தோடு தொடுத்து வைத்தல் கட்டாயம். வெளிப்படும் ஆவியிலே தவறிய பொறி ஒன்று பட்டால் விபரீதமாகும்.

பிளக் முற்றும் உலர்ந்திருந்ததாயின் எரிபொருள் வரும் வழியைத் தாங்கியிலிருந்து தொடங்கி ஒழுங்காகப் பின்பற்றுக: வடிகட்டி, குழாய், எரிபொருட் பம்பின் மென்தகடு, கடைசியிலேயே காபரேற்றர். நாட்கணக்கில் நின்ற பெற்றோல் பிசினாகிச் சிறு துவாரத்தை அடைக்கும். அதனைக் கம்பியாற் குத்துதல் கூடாது. துவாரம் பெருத்தால் கலவையின் அளவு கெட்டுவிடும். பெற்றோல் ஒரு நிறைக்கு ஏறக்குறைய 15 நிறை காற்று என்ற அளவிலே கலக்க அத்துவாரம் துளையிடப்பட்டுள்ளது. கழுவி, ஊதி, மீண்டும் பூட்டுதலே முறை.

தீப்பொறிச் சோதனை யாவரும் அறிந்தது. ஆயினும் பலர் பிழையாகச் செய்வது. பிளக்கை வயரிலே செருகி, அதன் உலோக உடலை இயந்திரத்தின் வண்ணம் பூசாத ஓரிடத்தில் நன்கு தொடவைத்து, கயிற்றை இழுத்துப் பார்க்க. நீலமாய், சடக்கென்ற ஒலியோடு பாய்வது நற்பொறி. மஞ்சளாய்ச் சிவந்து நூல்போல் தோன்றுவது மெலிந்த பொறி. வெளிக்காற்றில் பாய்ந்தாலும் சிலிண்டரின் அமுக்கத்துக்குள் அது பாயாது. பிளக்கைக் கையாற் பிடித்தல் வேண்டா. அங்கு ஓடுவது பல்லாயிரம் வோல்ற்று. எரிபொருள் சிந்திய இடத்தில் இச்சோதனை செய்தல் அறவே ஆகாது. பெற்றோல் ஆவி காற்றினும் பாரமானது. படகின் அடியிலே கண்ணுக்குப் புலனாகாமற் படிந்து கிடக்கும். ஆதலின் சிந்தியதைத் துடைத்து, காற்றாட விட்டு, இயன்றால் கரையில் வைத்தே செய்க.

பொறி இல்லையெனின் உடனே கொயில் போய்விட்டது என்று சொல்பவர் உளர். அது விலைகூடிய ஊகம். முதலில் வேறு பிளக் இட்டுப் பார்க்க. பின்னர் நிறுத்து பொத்தானிலிருந்து வரும் வயரைக் கழற்றிவிட்டு மீண்டும் இழுத்துப் பார்க்க. இப்போது பொறி வந்தால் பழுது அப்பொத்தானிலேயே. உப்புநீர் புகுந்து அஃது எப்போதும் நிறுத்தியபடி இருந்துளது. பிளக் வயரின் மூடியினுள் பச்சைக் களிம்பு பிடித்திருப்பதும் உண்டு. மிகப் பழைய இயந்திரங்களிலே பிளைவீலின் கீழ்த் தொடுமுனைகள் இருக்கும், பொயின்ற் என்பர். அவற்றின் முகத்தில் உப்பும் கரியும் படிந்தால் மின்னோட்டம் சரியாகப் பாயாது, பொறியும் பிறவாது. மெல்லிய உரைதாளால் துடைத்து, இடைவெளியைக் கையேட்டிற் கண்டவாறு அமைத்தால் பல பழைய இயந்திரங்கள் அக்கணமே உயிர்பெறும். பிந்திய இயந்திரங்களில் இம்முனைகள் இல்லை. அவற்றின் மின்னணுப் பெட்டி கெட்டால் மாற்றுவதன்றி வேறு வழியில்லை.

அமுக்கத்தை நோக்குதல் அடுத்தது. அளவுமானி இல்லாதவர் பிளக் துளையைப் பெருவிரலால் அழுத்தி மூடிக்கொண்டு இன்னொருவரைக் கயிற்றை இழுக்கச் செய்யலாம். நல்ல சிலிண்டர் விரலைத் தள்ளி எறியும். இரு சிலிண்டர் உடையதாயின் இரண்டும் ஒத்திருத்தலே முக்கியம். அளவுமானியிலே ஒன்றுக்கொன்று நூற்றுக்குப் பத்துப் பதினைந்துக்கு மேல் வேறுபடின் காஸ்கற்றோ பிஸ்ரன் வளையமோ கெட்டுவிட்டது என்க. மண்ணெண்ணெய் இயந்திரத்தைப் பெற்றோல் இயந்திரத்தோடு ஒப்பிட்டு அமுக்கம் போய்விட்டது எனத் துணிதல் தவறு. அது பிறவியிலேயே அமுக்கங் குறைந்தது.

இங்ஙனம் மூன்றையும் தனித்தனி ஆராய நேரம் இல்லாதபோது ஒரு சிறு சோதனை பெரும்பயன் தரும். ஓயில் கலந்த பெற்றோல் அரைத் தேக்கரண்டி அளவை உலர்ந்த சிலிண்டரினுள் பிளக் துளைவழியே விட்டு, பிளக்கைப் பூட்டி, சிந்தியதைத் துடைத்து, கயிற்றை இழுக்க. இயந்திரம் இரண்டு மூன்று விநாடி ஓடி நின்றதாயின், தீப்பொறியும் அமுக்கமும் குற்றமற்றன என்பது ஒரே இழுப்பிற் பெறப்பட்டது. எஞ்சியது எரிபொருள் வரும் வழியே. ஒழிபு அளவைக்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டை வகுப்பறையிலே கரும்பலகையில் எழுதிக்காட்டல் அரிது. ஏட்டிலே பாரிசேடம் என்று படித்து மனனஞ் செய்த மாணவர் ஒருவர் இதனைக் கரையிலே ஒருமுறை கண்டால் போதும்.

சிலவேளை மூன்றும் உள. ஆயினும் இயந்திரம் இயங்காது. எரிபொருள் நல்ல பெற்றோல், பொறி நீலம், விரலைத் தள்ளும் அமுக்கம். முன்னர் நிறுத்திவைத்த வினா இங்கே மீள்கின்றது. மூன்றையும் நீக்கியபின் எஞ்சுவது யாதும் இல்லை எனின், குற்றம் அளவையில் அன்று; நாம் எண்ணிய பட்டியலில். நான்காவது ஒன்று விடுபட்டது. அது காலம். பொறி பிறத்தல் வேண்டும். பிறக்க வேண்டிய கணத்திற் பிறத்தலும் வேண்டும். பிஸ்ரன் மேலே ஏறி முடியும் தறுவாயில் எழவேண்டிய பொறி முந்தியோ பிந்தியோ எழுந்தால், இசை வல்லார் பலர் கூடியும் தாளம் தப்பிய கச்சேரி போலாகும். பிளைவீலைத் தண்டோடு பிணைக்கும் சிறு ஆப்பு ஒன்று உண்டு. சுழலி பாரில் மோதிய அதிர்ச்சியினாலோ பிளைவீலின் நட்டுத் தளர்ந்தமையாலோ அவ்வாப்பு அறுந்து, பிளைவீல் சிறிதே திரும்பிவிட்டால், காலம் தப்பும். கயிற்றை இழுக்கும்போது அது கையினின்று பின்னோக்கிப் பறிக்குமாயின், அல்லது காபரேற்றர் வழியாகத் தும்முமாயின், இதனை ஐயுறுக. பிளைவீலைக் கழற்ற உரிய இழுகருவி வேண்டும். சுத்தியலால் அடித்துக் கழற்றப் புகுவோர் அதன் காந்தங்களையும் கெடுத்துத் தண்டையும் வளைப்பர். இரு பிளக் வயர்களை இடம்மாற்றிப் பூட்டினாலும் காலம் தப்புமன்றோ? பட்டியலை முற்றுவித்தபின் ஒழிபு மீண்டும் செவ்வனே நிற்கின்றது.

இவ்வளவும் கரையிற் செய்வன. கடலிலே நின்றுவிட்டால் முதற் கடமை இயந்திரத்தைத் தொடுவதன்று, நங்கூரத்தை இறக்குதல். பாக்கு விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீற்றருக்கு மேற்படாத ஆழமுடையது. கடனீரேரி அதனினும் மிகக் குறைந்தது. நங்கூரம் பற்றும். அதனை மறந்து இயந்திரத்தோடு ஒரு மணிநேரம் போராடினால், சோளகக் காற்று வடகரைப் படகை வெளிக்கடலுக்குத் தள்ளிவிடும்; வாடைக் காற்றும் நீரோட்டமும் வேறு திசையிற் கொண்டுபோம். 1974 ஆம், 1976 ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் வகுத்த கடலெல்லை நீரின்மேல் எழுதிக் கிடப்பதன்று. இயந்திரம் கெட்டு அடித்துச் செல்லப்பட்டு அக்கரையில் ஒதுங்கியவர், தாம் எல்லை மீறும் எண்ணமில்லாதவர் என்பதை விளக்கி மீளும்வரை வீட்டார் படும் பாட்டைக் கரையூர்ப் பிள்ளைகள் அறிவர். படகில் ஒரு தகரப் பெட்டியிலே உலர்ந்த பிளக் இரண்டு, பிளக் ஸ்பானர், உரைதாள், இறுக மூடிய சிறு போத்தலிற் பெற்றோல், உடைந்த முடுக்குக் கயிற்றுக்குப் பதிலாய்ப் பிளைவீலிற் சுற்ற மூன்று முழக் கயிறு ஆகியன இருக்குமாயின், மேற்கூறியவற்றுட் பெரும்பாலனவற்றை அங்கேயே செய்யலாம். இயந்திரம் ஓடியும் படகு நகராதாயின் பழுது வேறு. சுழலியின் ஆணி முறிந்திருக்கும். மாற்றாணி ஒன்றையும் அப்பெட்டியில் இடுக.

இயந்திரம் முழுதாகக் கடலில் வீழ்ந்தபோது செய்வதைக் கூறாதுவிடின் கட்டுரை குறைவுபடும். 2004 டிசெம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை வடமராட்சி கிழக்கிலே மணற்காடு, உடுத்துறை, தாளையடி முதலிய ஊர்களைத் தாக்கியபோது உயிர்களோடு படகும் இயந்திரமும் போயின. பின்னாளில் மணலிலிருந்து தோண்டியெடுத்த இயந்திரங்களுள், நாட் கடந்தவை பெரும்பாலும் இரும்புக்கே போயின. உப்புநீரினுள் இருக்கும்வரை துரு மெல்லவே ஏறும். வெளியே எடுத்துக் காற்றுப் பட்டபின் மணிக்கணக்கில் ஏறும். ஆதலின் எடுத்தவுடன் துப்புரவு செய்ய வசதியில்லையெனின் நன்னீர்த் தொட்டியொன்றில் அமிழ்த்தியே வைக்கலாம். வசதி உண்டெனின் மூடியைக் கழற்றி எங்கும் நன்னீரால் அலம்புக. பிளக்குகளைக் கழற்றி, துளைகள் கீழ்நோக்குமாறு சரித்து, பிளைவீலைக் கையால் மெல்லச் சுழற்றி நீரை வடிக்க. சுழல மறுத்தால் வலிந்து சுழற்றற்க. உள்ளே மணல் உண்டு, அல்லது ஓடும்போதே வீழ்ந்து தண்டு வளைந்தது. அதனைப் பட்டறைக்கே கொண்டு செல்க. இலகுவாய்ச் சுழன்றால் காபரேற்றரையும் குழாய்களையும் வடித்து, பிளக் துளைகளிலும் காபரேற்றர் வாயிலும் ஓயில் விட்டு மீண்டும் சுழற்றி, மின்னிணைப்புகளை உலர்த்தி, உலர்ந்த பிளக் பூட்டி, புது எரிபொருளில் முடுக்குக. பற்றியபின் நன்னீர்த் தொட்டியிலே அரைமணி நேரத்துக்குக் குறையாமல் ஓடவிட்டால் உள்ளே எஞ்சிய ஈரம் வெம்மையால் நீங்கும். எடுத்த அன்றே இது முடிதல் வேண்டும். ஓரிரவு காற்றிற் கிடந்தால் பெயாரிங்குகளின் குண்டுகளில் துருப்புள்ளி விழுந்துவிடும்.